அலைக்கோடு வரை

முதலாளி தீவு வாங்கிய நாளில்
எங்களுக்கெல்லாம் நாசி கண்டார் வாங்கித் தந்தார்.
பிறையில் பழைய இரும்பை எடைபோட்டு எடைபோட்டுச் சேர்த்த பணம்.
தெய்வநாயகம் அண்ட் சன்ஸ்.
சன்ஸ் இருவரும் மெல்போர்னில்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
தீவை முதலில் பார்த்தது காகிதத்தில்தான்:
இரண்டரை ஏக்கர், அறுபது ஆண்டுக் குத்தகை.
அவருக்கு அறுபத்துமூன்று வயது.
கூட்டிப் பார்த்தேன், சொல்லவில்லை.
தரகர் எடுத்த படத்தில் ஒரு தென்னை
யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல்
திரும்பிச் சாய்ந்திருந்தது.

"இனி யார் ஹார்னும் கேட்காது, புனிதம்.
பேங்குக்காரன் என் கதவைத் தட்ட
முதலில் நீச்சல் பழக வேண்டும்."

பொய் சொல்வானேன், எனக்கும் ஆசை வந்தது.
ஜெலுத்தோங்கில் என் மேல்வீட்டுக்காரி
இரவு பதினொன்றுக்கு மிளகாய் இடிப்பாள்.
அன்று அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் நடுவே
கொஞ்சம் கடல் ஊற்றிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ரசீதுகள் வந்தன.
பத்து மாவுங்கிலிருந்து நல்ல தண்ணீர், வாரம் இரண்டு நடை.
டீசல். டீசல் ஏற்றிப்போகும் படகுக்கு டீசல்.
எலி கடித்த ஒயர். எலிக்கு வைத்ததைத் தின்ற உடும்பு.
உடும்பைப் பார்க்க வந்த அதிகாரிகளுக்குத் தேநீர், பிஸ்கட்.
காப்புறுதி நிறுவனம்
மூன்று பக்கத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தது.
எதை எங்கே எழுதுவதென்று புரியாமல்
"கடல்" என்றே ஒரு தலைப்புத் திறந்தேன்.
ஆண்டிறுதியில் அதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

காவலுக்கு இருந்த ரஃபிகுல்
மூன்றாம் மாதச் சம்பளம் வாங்க வந்தவன்
திரும்பிப் போகவில்லை.
"பேயா?" என்றேன்.
"ஒன்றும் இல்லை அக்கா.
ஒன்றும் இல்லாததுதான்."
சன்னல் வழியே
போகிற மோட்டார் சைக்கிள்களையெல்லாம்
பசித்தவன்போல் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த சனிக்கிழமை முதலாளியே தங்கினார்.
இரவு ஒன்பதுக்கு அழைத்தார்.
காற்று நடுவில் புகுந்து பாதியைத் தின்றது.
"எல்லாம் கொண்டுவந்தேன், புனிதம்...
உப்பை மறந்துவிட்டேன்."
எனக்குப் பதில் வரவில்லை.
அவர் பின்னால் கடல்,
அத்தனை உப்பையும் தன்னிடமே வைத்துக்கொண்டு,
படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மதிப்பீட்டாளரோடு நானும் ஒருமுறை போனேன்.
நீர் வற்றிய நேரம். தீவு இன்னொரு மடங்கு பெருத்துக் கிடந்தது.
சேற்றில் நான்கு பெண்கள் சிப்பி பொறுக்கினார்கள்.
"ஏய், இது என் இடம்!" என்று எழுந்தார் முதலாளி.
மதிப்பீட்டாளர் வரைபடத்தை முழங்காலில் விரித்தார்:
உங்களது, ஓதம் ஏறி நிற்கும் கோடு வரைக்கும்.
அதற்குக் கீழே ஈரமெல்லாம் அரசாங்கத்துடையது.
பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து
வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல்
அவருக்கு சலாம் சொன்னாள்.

அந்தக் கோட்டில்தான் எல்லாம் ஒதுங்கியிருந்தன.
தாய்லாந்து எழுத்தில் ஒரு ஷாம்பு போத்தல்,
ஜோடி சேராத செருப்புகள்,
பாசி பிடித்த மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி.
நகத்தால் சுரண்டினேன்:
தெய்வநாயகம் அண்ட் ச

முதலாளி அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு
நாற்காலியில் உட்கார்ந்தார்.
ஒரே நாற்காலி. ஊரைப் பார்த்துப் போட்டது.
எட்டு லட்சம் பேர் இருக்கிற தீவில்
விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறுவதைப் பார்த்தார்,
படகுக்காரர் இரண்டு முறை கூப்பிடும் வரை.

இப்போது அங்கே போவதில்லை.
பாயான் லெப்பாஸில் பதினேழாம் மாடி,
பால்கனியில் மூன்று கால் தொலைநோக்கி.
"வாங்க ஆள் இருக்கிறது, பேசவா?" என்று கேட்டேன்.
கண்ணை எடுக்காமலே சொன்னார்:
"இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, பார்."
பார்த்தேன்.
தென்னை இன்னும் திரும்பியபடியே இருந்தது.

தொலைநோக்கி, நான்காயிரத்து இருநூறு ரிங்கிட்.
அதையும் கடலில்தான் எழுதினேன்.